முதல் காபனீரொட்சைட்டு சீனியாவதில்லை: றுபிஸ்கோ விழிப்பதை இலைத்தட்டில் அளப்பது எப்படி

உயர்தர உயிரியலில் கல்வின் வட்டம் (இலை காபனீரொட்சைட்டைச் சீனியாக்கும் தாக்கத்தொடர்) படிப்பிக்கும்போது காபனீரொட்சைட்டை ஒரு மூலப்பொருளாகக் காட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். ஆனால் அதே வாயுவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. றுபிஸ்கோ என்ற நொதியத்தில் ஒரு காபனீரொட்சைட்டு மூலக்கூறு போய் ஒட்டினால்தான் அந்த நொதியம் வேலை தொடங்கும். அப்படி ஒட்டுகிற மூலக்கூறு சீனியாக மாறுவதில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று வன்னிப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் பெரிய கருவி எதுவும் இல்லாமல் இதன் விளைவை எப்படிக் கண்ணால் பார்க்கலாம், பார்த்ததிலிருந்து எவ்வளவு தூரம் முடிவெடுக்கலாம் என்பதுதான் இங்கே விடயம்.

சோதனை இதுதான்: இலையில் சின்ன வட்டத் தட்டுகள் வெட்டி, உள்ளிருக்கும் காற்றை எடுத்துக் கரைசலில் தாழவிட்டு, ஒளித்தொகுப்பில் வரும் ஒட்சிசன் அவற்றை மிதக்கவைக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்ப்பது. செய்முறைக்கு முன் இரசாயனத்தைப் பார்த்துவிடுவோம். அது தெரியாமல் செய்தால் இலைத்தட்டு மிதந்தது என்பதற்கு மேல் எழுத ஒன்றும் இராது.

தாவர றுபிஸ்கோவில் எட்டுப் பெரிய உபவலகும் எட்டுச் சிறிய உபவலகும் உண்டு. பெரிய உபவலகின் 201ஆம் இடத்தில் லைசீன் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அதன் பக்கச் சங்கிலியின் நுனியிலுள்ள அமினோக் கூட்டத்தில்தான் காபனீரொட்சைட்டு ஒட்டிக் காபமேற்றாகிறது. இருட்டில் பச்சையவுருமணியின் பஞ்சணையில் (உள்ளே நிரம்பியிருக்கும் பாயத்தில்) பி.எச். ஏறத்தாழ 7. அந்த நிலையில் லைசீனின் நுனி பெரும்பாலும் ஒரு புரோத்தனைச் சுமந்தபடி இருக்கும். காபனீரொட்சைட்டுக்கு அங்கே இடமில்லை. வெளிச்சம் பட்டதும் புரோத்தன்கள் தைலக்கொயிட்டு என்ற மென்சவ்வுப் பைகளுக்குள் தள்ளப்பட, பஞ்சணையின் பி.எச். 8 வரை ஏறுகிறது. அதோடு மகனீசியம் அயன்கள் பஞ்சணைக்குள் வருகின்றன. லைசீன் புரோத்தனை விடுகிறது, காபனீரொட்சைட்டு ஒட்டுகிறது, அதன்மேல் மகனீசியம் வந்து உட்காருகிறது. பக்கத்தில் 203இல் உள்ள அசுபாட்டிக்கமிலமும் 204இல் உள்ள குளுத்தாமிக்கமிலமும் மகனீசியத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொள்கின்றன. இவ்வளவும் நடந்த பிறகுதான் ஆர்.யூ.பி.பி.யும் (காபனீரொட்சைட்டை ஏற்கிற ஐந்து காபன் சீனிப் பொசுபேற்று), சீனியாகப் போகிற இரண்டாவது காபனீரொட்சைட்டும் உள்ளே வரலாம்.

இறைப்பு மிசினுக்கு முதலில் கொஞ்சத் தண்ணி ஊற்றிக் காற்றெடுத்தால்தான் கிணற்றுத் தண்ணி ஏறும். ஊற்றின தண்ணிக்கும் இறைத்த தண்ணிக்கும் வேலை வேறு. பிள்ளைகளுக்கு இப்படிச் சொன்னால் உடனே பிடிபடும்.

காபனீரொட்சைட்டு ஒட்டுவது மெதுவாக நடக்கும். மகனீசியம் சேர்வது சட்டென்று நடக்கும். லோரிமர், பாட்சர், அன்ரூஸ் என்ற மூவரும் 1976இல் இதைக் காட்டினார்கள். அந்த மந்தம்தான் நமக்கு உதவி. நொடியில் முடிகிற காரியமாக இருந்திருந்தால் சுவர் மணிக்கூட்டை வைத்து அதை அளக்க வழியே இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. காபனீரொட்சைட்டு ஒட்டுவதற்கு முன்பே ஆர்.யூ.பி.பி. வந்து உட்கார்ந்துவிட்டால் நொதியம் பூட்டுப்பட்டுப் போகும். அந்தப் பூட்டைத் திறப்பது றுபிஸ்கோ அக்ரிவேஸ் என்ற வேறொரு புரதம். சல்வுச்சி, போர்ட்டிஸ், ஒக்ரன் ஆகியோர் 1985இல் அதைப் பிரித்தெடுத்து விவரித்தார்கள். அது கலத்தின் சக்தி மூலக்கூறான ஏ.ரி.பி.யைச் செலவழித்து வேலை செய்யும், அது செலவானபின் மிஞ்சும் ஏ.டி.பி. கூடினால் தளர்ந்துவிடும். ஆகவே அதுவும் வெளிச்சத்தை நம்பித்தான் இருக்கிறது. வெப்பத்துக்கு இலகுவில் கெடுகிற புரதமும் இதுதான். சித்திரை, வைகாசி வெயிலில் வன்னிப் பயிர் வாடாமல் நின்றும் வளர்ச்சி குறைகிறதென்றால், அதற்கான காரணங்களில் இந்தப் புரதத்தின் தளர்ச்சியையும் ஒன்றாக வைக்கலாம்.

தண்ணி

இந்தச் சோதனை வன்னியில் பிழைத்துப்போவதற்கு, அதாவது சரிவராமல் போவதற்கு, முதற் காரணம் கிணற்றுத் தண்ணி. எங்கள் கிணறுகளில் பெரும்பாலானவை வன்னீர். கேத்திலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டுகிறதென்றால் அந்தத் தண்ணியில் காபனீரொட்சைட்டைத் தரும் இருகாபனேற்று ஏற்கெனவே இருக்கிறது. ‘காபனீரொட்சைட்டு இல்லாத’ கட்டுப்பாட்டுக் குவளையில் அதை ஊற்றினால் அங்கேயும் தட்டுகள் மிதக்கும். பிள்ளை குழம்பும், ஆசிரியரும் குழம்புவார். கொதிக்க வைத்தாலும் முழுதாகத் தீராது: கல்சியத்தோடு சேர்ந்த பங்கு படிவாக இறங்கும், சோடியத்தோடு உள்ளது தண்ணியிலேயே நிற்கும்.

நல்லது மழைத்தண்ணி. மாரியில் முதல் இரண்டு மழையைப் போகவிட்டு, கூரை கழுவுப்பட்ட பின் பீலியிலிருந்து பிடித்து மூடி வையுங்கள். கோடையில் என்றால் எண்ணெய்க் கடையில் விற்கும் பற்றரித் தண்ணியை வாங்கலாம். போத்தலை வாசித்து வாங்குங்கள். பற்றரி அசிட்டும் அதே தட்டில்தான் இருக்கும்; அது சல்பூரிக்கமிலம். எந்தத் தண்ணியானாலும் கட்டுப்பாட்டுக்கு எடுப்பதை ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, வாய்வரை நிரப்பி மூடி ஆறவிடுங்கள். கரைந்திருக்கும் காபனீரொட்சைட்டில் பெரும்பகுதி வெளியேறிவிடும்.

கரைசலும் சாமான்களும்

ஒரு லீற்றர் தண்ணிக்கு 2 கிராம் அப்பச்சோடா (சோடியம் இருகாபனேற்று). தராசு இல்லையென்றால் தேக்கரண்டியில் தட்டையாக வழித்து அரைக்கரண்டி போதும். இந்தக் கரைசலின் பி.எச். 8.3ஐ அண்டியிருக்கும். இருகாபனேற்றில் நூற்றுக்கு ஒரு பங்களவுதான் கரைந்த காபனீரொட்சைட்டாக நிற்கும். ஆனாலும் காற்றோடு சமநிலையில் உள்ள சாதாரண தண்ணியில் இருப்பதைவிட அது 15, 20 மடங்கு அதிகம். கூடப் போட்டால் கூட மிதக்கும் என்று நினைக்க வேண்டாம். லீற்றருக்கு 10 கிராமைத் தாண்டினால் உப்பு இலைக் கலங்களிலிருந்து நீரை இழுத்து, தட்டுகள் சோர்ந்து கரும்பச்சையாகும். பேக்கிங் பவுடர் வேண்டவே வேண்டாம். அதில் அமிலமும் மாவும் கலந்திருப்பதால் வாயு அங்கேயே பொங்கிவிடும்.

கரைசலில் பாத்திரம் கழுவும் திரவம் லீற்றருக்கு இரண்டு மூன்று துளி விட்டு, நுரைக்காமல் மெதுவாகக் கலக்குங்கள். இலையின் மெழுகுப் பூச்சைத் தண்ணி தாண்ட அது வேண்டும். கட்டுப்பாட்டுத் தண்ணியிலும் அதே அளவு விட மறக்க வேண்டாம்.

மற்றவை: பாமசியில் வாங்கிய 10 மில்லிலீற்றர் சிறிஞ்ச் (ஊசி இல்லாமல்), கடதாசித் துளை போடும் பஞ்ச், ஒரே அளவான கண்ணாடிக் கிளாசுகள், 15 வாற் அளவான வெள்ளை எல்.ஈ.டி. பல்ப், வெப்பமானி, மணிக்கூடு. கரண்ட் நம்பமுடியாத இடமென்றால் காலை வெயிலில் வைக்கலாம். அப்போது கிளாசுகளைத் தண்ணி நிரப்பிய தட்டமொன்றில் நிறுத்துங்கள். நேரடி வெயிலில் சின்னக் கிளாசு கொஞ்ச நேரத்திலேயே சூடேறிவிடும். பழைய குமிழ் பல்புக்கும் இதே குறை.

இலை

பயற்றை இலை நல்லது. மெல்லியது, எங்கும் கிடைக்கும், மயிர் குறைவு. வல்லாரையும் சரி. நுனியிலிருந்து மூன்றாவது நாலாவது, முழுதாக விரிந்த இலையை எடுங்கள். பப்பாசி, மரவள்ளி, வற்றாளை போலப் பால் வடிகிறவை வேண்டாம், வெட்டுமுனை அடைத்துக்கொள்ளும். பூசணி, தக்காளி இலைகளின் மயிரில் காற்று சிக்கி, தட்டுகள் தாழவே மாட்டா. கடையில் வாடிக் கிடந்த கீரைக்கட்டைக் கொண்டு செய்ய வேண்டாம். தண்டுக்கீரைக்கு வேறு காரணமும் இருக்கிறது, கடைசியில் வருகிறது.

அடிப்படைச் செய்முறை

நடுநரம்பை விலக்கிப் பத்துத் தட்டுகள் வெட்டுங்கள். சிறிஞ்சின் தண்டைக் கழற்றி, தட்டுகளை உள்ளே போட்டு, நசுக்காமல் தண்டை மீண்டும் செலுத்தி, 5 மில்லிலீற்றர் கரைசலை உறிஞ்சுங்கள். நுனியை மேலே பிடித்து மேலுள்ள காற்றை வெளியே தள்ளிவிடுங்கள். இனி நுனியை விரலால் இறுக்கி அடைத்து, தண்டைப் பின்னால் இழுத்து 10 வினாடி பிடியுங்கள். தட்டுகளின் ஓரத்திலிருந்து பொடிக் குமிழிகள் கிளம்புவது தெரியும்: இலைநடுவிழையத்தின் இடைவெளிகளில் இருந்த காற்று அது. தண்டை இழுத்தபடியே விரலை எடுங்கள். அந்தக் கணத்தில் கரைசல் அந்த இடைவெளிகளுக்குள் பாயும். தட்டின் நிறம் ஒரு படி கறுத்து, ஈரத்துணி போலத் தெரியும். இரண்டு மூன்று தரம் செய்தால் எல்லாம் தாழ்ந்துவிடும். ஆறாவது தரமும் தாழவில்லையென்றால் நிறுத்துங்கள். மேலும் இழுத்தால் கலங்கள் சிதையும். அந்தத் தட்டு பிறகு மிதந்தாலும் கணக்கில் எடுக்கத் தகுந்ததல்ல.

கிளாசில் 3 சென்ரிமீற்றர் உயரத்துக்குக் கரைசல் ஊற்றித் தட்டுகளைச் சேர்த்து, பல்பை 15 சென்ரிமீற்றர் மேலே வைத்து நேரம் குறியுங்கள். நிமிடத்துக்கொருமுறை மிதப்பவற்றை எண்ணி, எண்ணியதும் கிளாசை ஒருதரம் மெல்லச் சுழற்றுங்கள். அடியில் ஒட்டிய தட்டும் ஒன்றோடொன்று ஒட்டிய தட்டும் அப்போது விடுபடும். பாதித் தட்டுகள் மிதக்க எடுத்த நேரம்தான் உங்கள் அளவீடு. நல்ல இலை, நல்ல வெளிச்சம் என்றால் பொதுவாக 5 முதல் 15 நிமிடம். ஒவ்வொரு நிலைமைக்கும் மூன்று கிளாசாவது வையுங்கள், இருட்டுக் கிளாசு ஒன்றும் கட்டாயம். பிஸ்கற் ரின்னால் மூடினாலே இருட்டு.

எல்லாம் மிதந்தபின் வெளிச்சத்தை அணைத்து மூடிவிட்டால், சுவாசத்தில் ஒட்சிசன் செலவாகித் தட்டுகள் மெல்லத் திரும்பத் தாழும். தாழவில்லையென்றால் மிதக்கவைத்தது ஒட்சிசன் அல்ல, எங்கோ காற்று புகுந்திருக்கிறது.

நொதியத்தின் விழிப்பைப் பார்ப்பது

இனித்தான் உண்மையான வேலை. இருட்டில் கிடந்த இலையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் ஒளித்தொகுப்பு உடனே முழுவேகம் பிடிக்காது. அந்தச் சுணக்கத்தில் மூன்று பங்கு உண்டு. கல்வின் வட்டத்தின் இடைச்சேர்வைகள் நிரம்ப ஓரிரு நிமிடம். றுபிஸ்கோ செயற்படு நிலைக்கு வர ஐந்து பத்து நிமிடம். இலைவாய் திறக்க அதையும்விடக் கூட நேரம். சாதாரண இலையில் இவை மூன்றும் பின்னிக் கிடக்கும். ஆனால் நம் தட்டுகளுக்குள் கரைசலையே ஏற்றிவிட்டோம். காபனீரொட்சைட்டு இலைவாயைக் கேட்காமல் உள்ளேயே இருக்கிறது. மூன்றாவது பங்கு கழிந்துவிட்டது, முதலாவது சின்னது. மிஞ்சுகிற சுணக்கத்தில் பெரும்பங்கு றுபிஸ்கோவுடையது என்று எடுப்பதில் தவறில்லை.

ஒரே கொடியில் ஒரே வயதுடைய இரண்டு இலைகளைத் தெரிந்து, காம்பைத் தண்ணியில் நிறுத்தி, ஒன்றை இரண்டு மணித்தியாலம் ரின்னுக்குள்ளும் மற்றதை அரை மணித்தியாலம் பல்பின் கீழும் வையுங்கள். வெப்பநிலை இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும். பிறகு வெட்டி, காற்றெடுத்து, ஒரே வெளிச்சத்தில் ஒரே நேரம் தொடங்குங்கள்.

இங்கேதான் பலருக்குப் பிழைக்கும். வெளிச்ச இலையை வெட்டிவிட்டு அரட்டையில் பத்து நிமிடம் போனால் அதன் றுபிஸ்கோ மீண்டும் உறங்கத் தொடங்கிவிடும். காபமேற்று பிரியக்கூடிய பிணைப்பு. ஆகவே வெளிச்ச இலையை வெளிச்சத்திலேயே வெட்டி, சிறிஞ்ச் வேலையையும் பல்பின் கீழேயே இரண்டு நிமிடத்துக்குள் முடியுங்கள். இருட்டு இலைக்கு நேர்மாறு. யன்னல் சாத்திய அறையில், கை தெரிகிற அளவு மங்கலில் செய்யுங்கள். ரோச் அடித்துப் பார்க்கக் கூடாது. இரண்டு பேர் இரண்டு சிறிஞ்சோடு சமகாலத்தில் செய்தால்தான் ஒப்பீடு நேர்மையாக வரும்.

வரைபில் இரண்டு கோடுகளையும் போடுங்கள். இருட்டு இலையின் கோடு சில நிமிடம் பிந்தித் தொடங்க வேண்டும், ஆனால் தொடங்கியபின் மற்றதன் சரிவோடு ஏறத்தாழ ஒத்துப்போக வேண்டும். சரிவே குறைந்திருந்தால் அது விழிப்பின் சுணக்கம் அல்ல. இலை வாடியிருக்கிறது, அல்லது காற்றெடுக்கும்போது நசிந்திருக்கிறது. அந்தத் தரவை ஒதுக்கிவிட்டு மறுபடி செய்யுங்கள்.

போஞ்சி இலை கிடைத்தால் அதையும் பாருங்கள். போஞ்சி, உருளைக்கிழங்கு போன்ற சில பயிர்களில் இரவில் ஒரு சீனிப் பொசுபேற்று உருவாகி, காபமேற்று ஏறிய றுபிஸ்கோவிலேயே வந்து அடைத்துக்கொள்ளும். அதைக் கழற்றுவதும் அக்ரிவேஸின் வேலைதான். ஆகவே விடியற்காலையில், வெயில் படுமுன் பறித்த போஞ்சி இலை தனியாக ஒரு ஒப்பீட்டுக்கு உகந்தது.

இந்தச் சோதனை காபமேற்றை நேரில் காட்டுவதில்லை. அதன் விளைவோடு பொருந்துகிற ஒரு சுணக்கத்தைத்தான் காட்டுகிறது. அறிக்கையில் ‘நிரூபிக்கப்பட்டது’ என்று எழுதும் பிள்ளையின் கையைப் பிடித்து நிறுத்துங்கள். வெளிச்சத்தைப் பிடித்து நீரைப் பிளக்கிற ஒளித்தொகுதி 2இலும் ஓர் இரும்பு அயனோடு இருகாபனேற்று ஒட்டியிருக்கிறது, இலத்திரன் ஓட்டத்தை அதுவும் கட்டுப்படுத்துகிறது. கரைசலில் நாம் போட்ட அப்பச்சோடா அங்கேயும் போகலாம் என்பதை முடிவுரையில் ஒரு வரியாவது சொல்ல வேண்டும்.

வெப்பம்

மூன்று பேசின்: ஐஸ் போட்டு 25 பாகை, சாதாரண பகல் தண்ணி 33 பாகையளவு, சுடுதண்ணி கலந்து 40 பாகை. வெப்பமானியைப் பேசினில் அல்ல, கிளாசுக்குள் வையுங்கள். 42ஐத் தாண்ட விட வேண்டாம். அதற்கு மேல் ஒளித்தொகுதி 2உம் பழுதாகி, எது கெட்டதென்று பிரிக்க முடியாமல் போகும்.

ஒரு பொறி: குளிர்ந்த கரைசலைச் சூடாக்கினால் கரைந்த வாயு தானாகவே குமிழியாகி தட்டில் ஒட்டி அதைத் தூக்கிவிடும். கரைசலை முதலே அந்த வெப்பநிலையில் கால்மணித்தியாலம் வைத்துக் கலக்கிவிட்டுத்தான் தட்டுகளைப் போட வேண்டும். ஒவ்வொரு வெப்பநிலைக்கும் தனி இருட்டுக் கிளாசு வேண்டும். 40 பாகையில் இருட்டுக் கிளாசிலும் தட்டு மிதந்தால் அன்றைய தரவு குப்பைக்கு.

பயற்றை வெயில் தாங்கும் பயிர். 33இல் வேகம் கூடியே இருக்கலாம். வீழ்ச்சி 40ஐ அண்டித்தான் தெரியும். அப்படித் தெரிந்தால் அதே இலையிலிருந்து, 40 பாகையில் 15 நிமிடம் வைத்த தட்டுகளை 25 பாகைக் கரைசலுக்கு மாற்றிப் பாருங்கள். வேகம் திரும்பினால் தற்காலிகத் தளர்ச்சி; அக்ரிவேஸ் காரணமாக இருக்க இடமுண்டு. திரும்பாவிட்டால் இலை வெந்துவிட்டது.

நொதியத்தையே எடுத்துப் பார்க்க வசதியிருந்தால்

அறிவியல் நகர் விவசாய பீடத்திலோ வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ படிப்பவர்களுக்கு இது. இலைச்சாற்றில் றுபிஸ்கோவின் செயற்பாட்டை இரண்டு விதமாக அளக்க வேண்டும். சாறெடுத்த உடனே அளப்பது தொடக்கச் செயற்பாடு. பி.எச். 8 தாங்கற்கரைசலில் 10 முதல் 20 மில்லிமோலர் மகனீசியம் குளோரைட்டும் 10 மில்லிமோலர் சோடியம் இருகாபனேற்றும் சேர்த்து 25 பாகையில் 10 நிமிடம் வைத்தபின் அளப்பது முழுச் செயற்பாடு. முன்னதைப் பின்னதால் வகுத்தால் இலையில் எந்தப் பங்கு றுபிஸ்கோ விழித்திருந்தது என்பது வரும்.

ஆர்.யூ.பி.பி. எப்போதும் கடைசியில். 10 நிமிடக் காத்திருப்புக்கு முன் அது ஒரு துளி விழுந்தாலும் விழிக்காத நொதியம் பூட்டுப்படும். சாற்றில் அக்ரிவேஸுக்கு வேண்டிய ஏ.ரி.பி. இல்லாததால் திறக்க ஆளில்லை. மகனீசியத்தை மறந்தாலும் காபமேற்று நிலைக்காது. இலையைப் பறித்த கணமே திரவ நைதரசனில் போடாவிட்டால் தொடக்கச் செயற்பாடு என்று நீங்கள் அளப்பது நடைபாதையில் நடந்த நேரத்தின் விளைவாகத்தான் இருக்கும். றுபிஸ்கோவின் விளைபொருளை வேறு நொதியங்கள் மாற்றுவதை வைத்து 340 நனோமீற்றர் ஒளியில் அளக்கும் இணைநொதிய முறையில் இன்னொரு கண்ணி: அந்த வேறு நொதியங்களுக்கே ஒரு தொடக்கச் சுணக்கம் உண்டு. அவற்றின் அளவை இரட்டித்துப் பாருங்கள். சுணக்கம் சுருங்கினால் அது றுபிஸ்கோவுடையது அல்ல.

தண்டுக்கீரையும் வயலும்

தண்டுக்கீரையும் சோளமும் சீ4 தாவரங்கள், அதாவது காபனீரொட்சைட்டை முதலில் நாலு காபன் சேர்வையாகப் பிடிப்பவை. அவற்றின் றுபிஸ்கோ நரம்பைச் சுற்றியுள்ள கட்டுமடல் கலங்களுக்குள் இருக்கிறது. வெளிக்கலங்களில் இருகாபனேற்றைப் பிடிப்பது வேறொரு நொதியம். அவற்றின் றுபிஸ்கோவுக்கும் காபமேற்று வேண்டும்தான், ஆனால் இரண்டு நொதியங்களின் சுணக்கமும் கலந்து வருவதால் நம் வரைபைக் கொண்டு பிரிக்க முடியாது. நெல், பயற்றை, கச்சான், உழுந்து எல்லாம் சீ3, றுபிஸ்கோவே நேராகப் பிடிப்பவை. முதலில் இவற்றோடு செய்து கைபழகுங்கள்.

இந்தச் சோதனையைப் பார்த்த யாராவது அப்பச்சோடாவைக் கரைத்து வயலுக்கு விசிறலாமா என்று கேட்பார்கள். கூடாது. திறந்த வெளியில் அந்தக் காபனீரொட்சைட்டு இலையில் நிற்காது, சோடியம் மட்டும் நிற்கும். இலை விளிம்பு கருகும். கீழ் இலைகளில் நரம்பு பச்சையாக நிற்க இடைப்பகுதி மஞ்சளாகிறதென்றால் பார்க்க வேண்டியது மகனீசியம். பச்சையத்தின் நடுவிலும் றுபிஸ்கோவின் காபமேற்றிலும் உட்காருவது அதுதான். மண்ணைப் பரிசோதிப்பித்துவிட்டு, விவசாயப் போதனாசிரியர் சொல்லும் அளவில் மகனீசியம் சல்பேற்று இடுங்கள்.